ஊட்டியில் கட்டடம் வரைகிறீர்களா? நிழலை முதலில் போடுங்கள்

ஊட்டியில் வெளியே உட்கார்ந்து பழைய கட்டடங்களை வாட்டர்கலரில் வரையும்போது, சுவரின் நிறத்தில் தொடங்காதீர்கள். பென்சில் கோடு முடிந்ததும் அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தைக் கலந்து ஒரு சாம்பல் நிறம் செய்து, கூரை விளிம்புக்குக் கீழே, ஜன்னல் குழிவில், தூணின் ஓரத்தில் தெரிகிற நிழல் முழுவதையும் ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகு மேலே சுவரின் நிறத்தை மெல்லிய பூச்சாக ஓட்டினால் போதும்.

சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது; அதற்குள் மூட்டமும் வந்துவிட்டால் நிழல் போயே போய்விடும். சுவரின் நிறமோ எங்கும் போகாது, அதை நிதானமாகப் பார்த்துப் போடலாம். வாட்டர்கலர் ஊடுருவித் தெரிகிற வண்ணம் என்பதால் அடியில் உள்ள நிழல் மேலே தானாகத் தெரியும். புனித ஸ்டீபன் தேவாலயத்தின் வெளிர் சுவருக்கு இந்த முறை அவ்வளவு அழகாகப் பொருந்தும். நீலகிரி நூலகத்தின் செங்கல் சிவப்புக்கு மட்டும் சாம்பலைச் சற்று அடர்த்தியாக்குங்கள்.

மேல் பூச்சை மென்மையான பிரஷால் ஒரே இழுப்பில் போட வேண்டும். திரும்பத் தேய்த்தால் அல்ட்ராமரைன் கரைந்து கலங்கிவிடும்.

காலையிலிருந்தே மூட்டமாக இருக்கும் நாளில் இது வேண்டாம், நிழலே இருக்காது. போஸ்டர் கலருக்கும் உதவாது, அது அடியில் உள்ளதை மூடிவிடும். மெல்லிய ட்ராயிங் நோட்டுத் தாளிலும் நிழல் கரைந்து எழும்பும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாள்தான் தாங்கும்.