வாத்து, காக்கை, குரங்கு: பழைய விலங்கு காமிக்ஸுக்குப் பட்டியல் போடுவது எப்படி?

பரணிலிருந்து பழைய காமிக்ஸ் கட்டை இறக்குபவர்கள் முதலில் கேட்பது, "இது இப்போ என்ன விலைக்குப் போகும்?" என்றுதான். அதற்கு இந்தப் பதிவில் பதில் கிடையாது. கையில் இருப்பது என்ன கதை, யார் வரைந்தது, முதலில் எங்கே எப்போது வந்தது என்று கண்டுபிடித்து எழுதி வைக்கும் வேலை மட்டும்தான் இங்கே. அதிலும் வாத்து, எலி, முயல், காக்கை, குரங்கு என்று விலங்குகள் பேசித் திரியும் கார்ட்டூன் காமிக்ஸை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாயாவிக்கும் கௌபாய்க்கும் பட்டியல் போட மதுரையிலிருந்து சிவகாசி வரை ஆள் இருக்கிறார்கள். வாத்துக்குத்தான் ஆள் பற்றாக்குறை.

தொடங்கும் முன் இதை முடிவு செய்துகொள்ளுங்கள்: பட்டியலில் ஒரு வரி என்றால் ஒரு கதை. ஒரு புத்தகம் அல்ல. இந்த வகை காமிக்ஸில் ஒரே இதழுக்குள் நாலைந்து கதைகள் இருக்கும். ஒன்று புதிது, ஒன்று பத்து வருடம் முன்பு வந்ததன் மறுபதிப்பு, ஒன்று செய்தித்தாளில் வந்த துணுக்கு. வரைந்த கைகளும் வேறு வேறு. அட்டையில் உள்ள பெயரை மட்டும் எழுதி வைத்தால் இவை எதுவும் பிடிபடாது.

படி 1: பிரித்து, தட்டி, ஆற விடுங்கள்

கட்டைப் பிரித்ததும் மொட்டைமாடி வெயிலில் போடாதீர்கள். மதுரை வெயிலில் ஒரு மதியம் காய்ந்தாலே செய்தித்தாள் வகைக் காகிதம் இன்னும் பழுத்து, ஓரம் அப்பளமாக நொறுங்க ஆரம்பிக்கும். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சத்தோடும் காற்றோடும் சேர்ந்துதான் தாள் பழுப்பாகிறது. அதனால் உள் அறையில் ஃபேன் காற்றில் விரித்து வைத்தால் போதும். மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் நடுத் தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். ராமபாணப் பூச்சி இருந்தால் அங்கேதான் ஒளிந்திருக்கும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் பசை மட்டும் தாளிலேயே தங்கிவிடும்.

படி 2: இரண்டு தாள் போதும்

கூகுள் ஷீட்டோ, நாற்பது பக்க நோட்டோ, எது பழக்கமோ அது. முதல் தாள் புத்தகத்துக்கு: இதழின் பெயர், எண், பதிப்பாளர், தேதி, விலை, நிலை, எங்கே வைத்திருக்கிறீர்கள். இரண்டாவது தாள் கதைக்கு: தலைப்பு, நாயகன், பக்கங்கள், எழுதியவர், வரைந்தவர், முதல் வெளியீடு, குறிப்பு. இரண்டையும் இணைக்க ஒவ்வொரு புத்தகத்துக்கும் நீங்களே ஒரு எண் கொடுங்கள். அதை புத்தகத்தின் மேல் எழுதாமல் ஒரு சீட்டில் எழுதி உள்ளே செருகுங்கள்.

ஒரு நிரலைக் கூடுதலாகச் சேருங்கள்: "எப்படித் தெரியும்?" புத்தகத்திலேயே அச்சாகியிருக்கிறதா, யாராவது சொன்னார்களா, நீங்களாக ஊகித்ததா என்பதை அதில் எழுத வேண்டும். இந்த நிரல் இல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை.

படி 3: இதழை அடையாளம் காணுங்கள்

ஆங்கில இதழ்களில் அட்டையின் உள்பக்கத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். பதிப்பாளர், மாதம், எண் எல்லாம் அங்கே. அட்டை போன புத்தகமாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். டெல் என்ற அமெரிக்கப் பதிப்பகத்தின் 1950-களின் இதழ்கள் பலவற்றில் கதையின் முதல் பக்கக் கட்டம் ஒன்றின் அடியில் கடுகு அளவில் ஒரு குறியீடு இருக்கும். உதாரணத்துக்கு "ஓ.எஸ். 386-523". ஓ.எஸ். என்றால் 'ஒன் ஷாட்', அதாவது தனி வெளியீடு. இதில் 386 என்பது வெளியீட்டு எண், 52 என்பது 1952, கடைசி 3 மார்ச். லென்ஸ் இல்லாவிட்டால் செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

அந்த 386-ஐயே எடுத்துக்கொள்வோம், நிறையப் பேர் தடுமாறும் இடம் அது. டெல் நிறுவனம் 'ஃபோர் கலர்' என்ற ஒரே வரிசையின் கீழ் வாரத்துக்கு ஒரு நாயகன் என்பதுபோல எல்லாரையும் வெளியிட்டது. எண் மட்டும் தொடர்ந்து ஓடும். டிஸ்னியின் வாத்து நாயகன் டொனால்ட் டக்கின் பணக்கார மாமா ஸ்க்ரூஜுக்கு அதில் 386, 456, 495 என்று மூன்று இதழ்கள் வந்தன. நன்றாக விற்றதும் தனி வரிசை தொடங்கினார்கள், ஆனால் எண் 4-லிருந்து! முந்தைய மூன்றையும் 1, 2, 3 என்று கணக்கில் வைத்துக்கொண்டார்கள். ஆக, "ஸ்க்ரூஜ் முதல் இதழ் என்னிடம் இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் கையில் இருப்பது 386-ஆக இருக்கும். நம் தெருக்களில் பழைய கதவு எண், புதிய கதவு எண் என்று இரண்டும் எழுதுவோம் இல்லையா, அப்படி இரண்டு எண்ணையும் எழுதிவிடுங்கள்.

ஸ்க்ரூஜ் முதலில் தலைகாட்டியது அதற்கும் முன்னால், 1947 டிசம்பர் தேதியிட்ட 178-ஆம் ஃபோர் கலரில். அது டொனால்ட் டக் இதழ். புத்தகத்தை வைத்துப் பட்டியல் போட்டவர் இதை டொனால்ட் கணக்கில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கதையை வைத்துப் போட்டவரிடம்தான் ஸ்க்ரூஜ் என்று தேடினால் இது வரும்.

'வால்ட் டிஸ்னீஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ்' மாத இதழுக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. முதல் இதழ் 1940 அக்டோபர். மாதம் ஒன்றாக எண்ணிக்கொண்டே போனால் 31-ஆம் இதழ் 1943 ஏப்ரல், 140-ஆம் இதழ் 1952 மே. 1950-களின் முடிவு வரை எண் தெரிந்தால் மாதம் தெரியும், மாதம் தெரிந்தால் எண் தெரியும். அட்டைத் தேதி கடைக்கு வந்த தேதி அல்ல என்பதையும் கவனியுங்கள். அமெரிக்க இதழ்கள் அட்டையில் போட்ட மாதத்துக்கு முன்னாலேயே விற்பனைக்கு வந்துவிடும். பெயர் மாறினாலும் எண் தொடரும் இதழ்களும் உண்டு. 'அவர் கேங்' என்ற இதழ் 1949-ல் அறுபதாம் எண்ணிலிருந்து 'டாம் அண்ட் ஜெர்ரி' ஆனது. டாம் அண்ட் ஜெர்ரி 1 முதல் 59 வரை தேடி அலைய வேண்டாம், அப்படி ஒன்று வரவே இல்லை.

படி 4: வரைந்த கையைக் கண்டுபிடியுங்கள்

இந்த வேலையின் ருசியே இங்கேதான். அந்தக் கால டிஸ்னி காமிக்ஸில் வால்ட் டிஸ்னி பெயரைத் தவிர வேறு பெயர் இருக்காது. கார்ல் பார்க்ஸ் 1942 முதல் 1966-ல் ஓய்வு பெறும்வரை 500-க்கும் மேற்பட்ட வாத்துக் கதைகளை வரைந்தார். பெரும்பாலானவற்றை எழுதியவரும் அவரே. ஆனால் படித்த பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது. "நல்ல வாத்து ஓவியர்" என்றுதான் அடையாளம் வைத்திருந்தார்கள். கோடுகளை வைத்தே 'இது அவர், இது வேறு ஆள்' என்று பிரித்த ரசிகர்கள்தான் கடைசியில் அவர் யார் என்று கண்டுபிடித்தார்கள். 1960-ல் முதல் ரசிகர் கடிதம் அவர் வீட்டுக்குப் போனது.

நீங்களும் அப்படித்தான் பழக வேண்டும். சந்தேகமில்லாமல் பார்க்ஸ் வரைந்தது என்று தெரிந்த ஒரு கதையை எடுத்து, அதில் டொனால்ட் கோபப்படும் கட்டம் ஒன்றைப் பத்து நிமிடம் பாருங்கள். அலகு எவ்வளவு திறக்கிறது, புருவம் எங்கே நிற்கிறது, பின்னால் இருக்கும் மரமும் கப்பலும் எவ்வளவு நுணுக்கமாக இருக்கின்றன என்று கவனியுங்கள். அடுத்து டோனி ஸ்ட்ரோபல் வரைந்த வாத்தைப் பக்கத்தில் வையுங்கள். அதே வாத்துதான், ஆனால் பின்னணி எளிமையாகிவிடும், கோடு சீராக ஓடும். மிக்கி எலியின் கதையாக இருந்தால் வரைந்தவர் பால் மர்ரியா என்று பாருங்கள். ஒரே அளவுக் கட்டங்கள் வரிசை வரிசையாக வந்து, ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஒரு சின்னச் சிரிப்பு வெடித்தால் அது செய்தித்தாள் தொடரின் மறுபதிப்பாக இருக்கலாம். மிக்கி தினத்தொடரை ஃபிளாய்ட் காட்ஃபிரட்சன் 1930-லிருந்து 1975 வரை வரைந்தார்.

ஸ்க்ரூஜ் இதழ்களில் நடுவே வரும் நாலு பக்கக் கதைகளைத் தாண்டிப் போகாதீர்கள். கைரோ கியர்லூஸ் என்ற கண்டுபிடிப்பாளர் கோழி அவற்றில் தனியாக வருவார், ஸ்க்ரூஜ் நாயகனாக இருக்க மாட்டார். காரணம் தபால் துறை. சலுகைக் கட்டணத்தில் அனுப்ப வேண்டுமானால் இதழில் வேறு பாத்திரத்தின் கதையும் இருக்க வேண்டும் என்ற விதி. படமில்லாமல் வெறும் எழுத்தாக வரும், யாரும் படிக்காத பக்கங்களும் அதே சலுகைக்காகச் சேர்ந்தவைதான்.

கதையின் முதல் கட்டத்தில் 'டி' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருந்தால் அது டென்மார்க்கில் உருவான கதை, 'எச்' என்றால் நெதர்லாந்து, 'எஸ்' என்றால் வெளிநாடுகளுக்கென்றே டிஸ்னி ஸ்டுடியோ தயாரித்தது. இன்டக்ஸ் என்று ரசிகர்களே நடத்தும் தரவுத்தளத்தில் இந்தக் குறியீட்டைத் தட்டினால் மற்ற விவரம் வரும். முதலில் நீங்கள் ஊகித்து எழுதுங்கள், அப்புறம் தட்டுங்கள். கண் பழகுவது அப்படித்தான்.

படி 5: தமிழ் இதழ்களுக்கு வேறு வழி

தமிழில் விலங்கு நாயகர்கள் என்றால் என் தலைமுறைக்கு பூந்தளிர்தான். வாண்டுமாமா ஆசிரியராக இருந்த 1980-களின் அந்த இதழில் காக்கை காளியும், வாலை வேண்டிய அளவு நீட்டும் கபீஷ் குரங்கும் வந்தார்கள். கபீஷை உருவாக்கியவர் அனந்த் பை, வரைந்தவர் மோகன்தாஸ். காக்கை காளிக்கு 'டிங்கிள்' என்ற ஆங்கிலச் சிறுவர் இதழில் காலியா என்று பெயர். இரண்டு பெயருக்கும் தனித்தனி நிரல் போடுங்கள். எழுத்தும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு வரியில் 'காக்கை', அடுத்ததில் 'காக்கா' என்று இருந்தால் தேடும்போது பாதி வராது.

தேதி இல்லாத, அட்டை கிழிந்த தமிழ் இதழா? வாசகர் கடிதப் பக்கத்துக்குப் போங்கள். மாவட்டப் பெயர்கள் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். 'சிவகாசி, ராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தால் அநேகமாக 1985-க்கு முன். 'காமராசர் மாவட்டம்' என்றால் 1985-க்கும் 1997-க்கும் நடுவே, அதற்குப் பிறகு விருதுநகர் மாவட்டம். 'திண்டுக்கல், மதுரை மாவட்டம்' என்று எழுதியிருந்தால் அதுவும் 1985-க்கு முன் என்று கொள்ளலாம், அந்த வருடம்தான் திண்டுக்கல் பிரிந்தது. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. மாவட்டம் பிரிந்த பிறகும் பழைய பெயரையே எழுதியவர்கள் இருப்பார்கள், ஆகவே ஒரு கடிதத்தை மட்டும் நம்பாமல் மூன்று நாலைப் பாருங்கள். கிடைத்த ஆண்டை 'ஊகம்' என்றே எழுதுங்கள்.

படி 6: நிலையை எழுதுவது

இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். அட்டை உண்டா, பக்கம் குறைகிறதா, பின் துருவா, பேனாக் கிறுக்கலா. 'நல்ல நிலை', 'சுமார்' என்று எழுதினால் ஒருவருக்கும் புரியாது. 'நடுப்பக்கம் இல்லை, பின் அட்டையில் எண்ணெய்க் கறை' என்று எழுதினால் புரியும். கூப்பன் வெட்டிய பக்கத்தின் பின்னால் எந்தக் கதையின் எந்தக் கட்டம் போயிற்று என்பதையும் குறியுங்கள்.

படி 7: நாலு பேரிடம் காட்டுங்கள்

தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது காமிக்ஸ் அரங்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாலே ஆள் அகப்படுவார்கள். பட்டியலை போனில் காட்டுங்கள், புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"தம்பி, இது பார்க்ஸ் இல்லப்பா. அலகைப் பாருங்க."

"எப்படிண்ணே சொல்றீங்க? முதல் பக்கம் அப்படியே அவர் மாதிரித்தானே இருக்கு?"

"முதல் பக்கத்தை விடுங்க. ஆறாம் பக்கத்துல கூட்டம் நிக்குதில்ல, அதுல ஒரு மூஞ்சி மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

இந்த அண்ணன் சொன்னதை எழுதுங்கள், ஆனால் 'எப்படித் தெரியும்?' நிரலில் 'நேரில் பார்த்தவர் கருத்து, ஆறாம் பக்கக் கூட்டம்' என்று காரணத்தோடு எழுதுங்கள். நாளைக்கு வேறொருவர் மறுத்தால் எதைப் பார்த்து மறுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வயதில் மூத்தவர் சொன்னார் என்பதற்காக மட்டும் 'ஊகம்' என்ற சொல்லை அழித்துவிடாதீர்கள்.

பழைய பேப்பர் கடைக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள். "காமிக்ஸ் இருக்கா?" என்றால் இல்லை என்பார்கள். "பிள்ளைங்க பொம்மைப் புத்தகம் ஏதாவது எடைக்கு வந்துச்சாண்ணே?" என்று கேட்டால் மூட்டைக்குள் கை போகும்.

படி 8: எடுத்து வைப்பது

ஒவ்வொன்றையும் தனிக் கவரில் போட்டு, பின்னால் தடித்த அட்டை கொடுத்து, நிற்கிற மாதிரி பெட்டியில் அடுக்குங்கள். சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் ஓரத்தில் வெட்டு விழும். பெட்டியின் மூலையில் வசம்பை ஒரு துணியில் முடிந்து போடுங்கள். சுவடிக் காலத்து வழக்கம் இது, செலவும் கிடையாது. அந்துருண்டை போடுவதாக இருந்தால் தாளில் படாமல் வையுங்கள். பெட்டி தரையில் இருக்க வேண்டாம், கரையான் சுவரோரமாகத்தான் ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை திறந்து காற்றாட விடுங்கள்.

அந்த நாளிலேயே பட்டியலையும் சரிபாருங்கள். இரண்டு பிரதி இருக்கும் கதைகளைத் தனியாக வடிகட்டி எடுத்து, எது முழுசாக இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுக்கு என்று குறித்துவிடுங்கள். ஷீட்டை ஒரு பிரதி எடுத்து வீட்டில் இன்னொருவர் மெயிலுக்கும் அனுப்பி வையுங்கள்.