குருத்தணு ஆய்வுக்குக் கூடுதல் அரசு நிதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நரம்பியல் ஆய்வுக் குழுக்களின் மானிய விண்ணப்பங்களை அனுப்புவதற்கு முன் சரிபார்ப்பது பல ஆண்டுகளாக என் பணி. ஸ்டெம் செல் என்று பலரும் அறிந்திருக்கும் மனிதக் குருத்தணுக்களைக் கொண்டு நடுக்குவாதம், இயக்க நரம்பணு நோய், தண்டுவடக் காயம் போன்றவற்றை ஆராய்பவர்கள், ஏற்கெனவே கையில் உள்ள மானியத்தின் மேல் கூடுதல் நிதி கேட்டு எழுதும் தாள்கள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றுள் திருப்பி அனுப்பப்படுபவை அறிவியல் குறையால் திரும்புவது அபூர்வம். நிதி எந்த மானியத்தின் மேல் நிற்கிறது, அணுக்கள் யாருடைய ஒப்புதலின் மேல் நிற்கின்றன என்ற இரண்டு கேள்விகளுக்கும் தாளில் சரியான விடை இல்லாததால்தான் அவை திரும்புகின்றன.

முதல் தவறு, கூடுதல் மானியத்தைப் புதிய மானியம் என்று எண்ணுவது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.எச்., அதன் பிரிவான தேசிய நரம்பியல் கோளாறுகள் மற்றும் பக்கவாத நிறுவனம் ஆகியவை வழங்கும் நிர்வாகக் கூடுதல் மானியம் நடப்பில் உள்ள மூல மானியத்தோடு ஒட்டிய தொகையாகும். அது பெரும்பாலும் சக ஆய்வாளர் குழுவின் மதிப்பீட்டுக்குச் செல்வதில்லை. திட்ட அலுவலர்களே பார்த்து முடிவு செய்கிறார்கள். அதற்குக் காரணம், மூல மானியத்தின் ஆய்வு எல்லை முன்பே மதிப்பிடப்பட்டுவிட்டது என்பதுதான். ஆகவே அந்த எல்லைக்குள் அடங்காத எதையும் இந்த வழியில் கேட்க முடியாது. எலியின் நரம்பணுக்களில் ஒரு புரதத்தை ஆராய மானியம் பெற்றவர், அதே புரதத்தை மனிதக் குருத்தணுவிலிருந்து வளர்த்த நரம்பணுவிலும் சோதிக்கக் கூடுதல் நிதி கேட்கலாம். அவரே அந்த அணுக்களை விலங்கின் மூளையில் செலுத்திச் சிகிச்சை முறை ஒன்றை உருவாக்க விரும்பினால், அது எல்லை விரிவாக்கம். அதற்குப் போட்டி முறையில் மதிப்பிடப்படும் வேறு விண்ணப்பம் தேவை. இந்த வேறுபாட்டைத் திட்ட அலுவலரிடம் ஒரு மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கும் மூத்த ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். அது அவர்களுடைய மாணவர்களின் ஓராண்டு உழைப்பை வீணாக்கும் கௌரவம்.

காலக்கணக்கிலும் இதே தவறுதான் நேர்கிறது. மூல மானியம் முடிய ஏழு மாதங்களே இருக்கும்போது பன்னிரண்டு மாத வேலையை எழுதி அனுப்பிய ஒரு தாளை என் கையாலேயே திரும்பப் பெற்றிருக்கிறேன். கூடுதல் மானியத்தின் ஆயுள் மூல மானியத்தின் ஆயுளைத் தாண்டாது. அந்த எல்லைக்குள் இந்த அணுக்கள் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். திரவ நைட்ரஜனில் −196 டிகிரி செல்சியசில் உறைந்திருந்த குப்பியை வெளியே எடுத்து உருக்கினால், அணுக்கள் தேறிப் பெருகத் தொடங்கவே ஓரிரு வாரங்கள் ஆகும். அவற்றை இயக்க நரம்பணுக்களாகவோ டோபமின் சுரக்கும் நரம்பணுக்களாகவோ மாற்ற மேலும் பல வாரங்கள் தேவை. நீண்டகால வளர்ப்பில் குரோமோசோம் மாற்றங்கள் ஏற்படுவதுண்டு. குறிப்பாக 12, 17, 20 ஆம் குரோமோசோம்களில் கூடுதல் பகுதிகள் சேர்வது நன்கு அறியப்பட்டது. அதைப் பரிசோதித்துப் பிழை கண்டால் குப்பியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு முறை தவறினால் என்ன செய்வது என்பதற்கு இடமில்லாத கால அட்டவணையை நான் இப்போது அனுப்ப விடுவதில்லை.

வரவு செலவுத் திட்டத்தில் மறக்கப்படுபவை சிறியவை, ஆனால் கடுமையாகத் தாக்குபவை. இந்த அணுக்களுக்குப் பெரும்பாலான வளர்ப்பு முறைகளில் நாள்தோறும் ஊடகம், அதாவது அவற்றுக்கு உணவாகும் திரவம், மாற்ற வேண்டும். பெரிய வெள்ளிக்கிழமையன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு ஊரே திரண்டு போகும்போதும் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஊடகம் மாற்றியாக வேண்டும். அவருக்கான விடுமுறை நாள் ஊதியம் திட்டத்தில் இருக்க வேண்டும். 37 டிகிரியும் 5 விழுக்காடு கரியமில வாயுவும் காக்கும் அடைகாப்பான், லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு நேரத்தில் நிற்காமல் இருக்க இன்வெர்ட்டரும் மின்கலமும் வேண்டும் என்று 2023-இல் இந்த நாட்டில் வேலை செய்த எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அமெரிக்க மாதிரியைப் பார்த்து எழுதப்படும் திட்டங்களில் அந்த வரி இருப்பதில்லை. ஊடகம் டாலரில் வாங்கப்படுகிறது, சம்பளம் ராண்டில் தரப்படுகிறது. மாற்று விகிதத்துக்கு இடம் விட வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் போல் கட்டடம், நிர்வாகம் போன்ற மறைமுகச் செலவுக்குப் பெரிய விழுக்காட்டைப் போடவும் கூடாது, வெளிநாட்டு நிறுவனங்களுக்கு என்.ஐ.எச். தருவது 8 விழுக்காடு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து பெருக்கி வளர்க்கப்படும் அணுக்களான செல் வரிசையின் பிறப்பை விசாரிக்காமல் விடுவது. இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது. 1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் கருமுளை எனப்படும் சில நாள் வயதுடைய மனிதக் கருவிலிருந்து முதல் குருத்தணு வரிசைகளைப் பிரித்தெடுத்தார்கள். கருமுளையை அழிக்கும் ஆய்வுக்கு அமெரிக்கக் கூட்டாட்சி நிதியைச் செலவிட அந்நாட்டுச் சட்டம் ஏற்கெனவே தடை விதித்திருந்தது. 2001 ஆகஸ்டு 9 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ், அந்நாளுக்கு முன் உருவாக்கப்பட்ட வரிசைகளைக் கொண்டு நடத்தும் ஆய்வுக்கு மட்டும் நிதி உண்டு என்று அறிவித்தார். அத்தகையவை 60-க்கும் மேற்பட்டவை என்று அப்போது சொல்லப்பட்டது. ஆய்வாளர்கள் கைக்கு உண்மையில் கிடைக்கக்கூடியவையாக இருந்தவை 21 மட்டுமே. 2009 மார்ச் 9 அன்று அதிபர் ஒபாமா அந்த எல்லையை நீக்கினார், அவ்வாண்டு ஜூலையில் புதிய வழிகாட்டு நெறிகள் நடைமுறைக்கு வந்தன. பழைய விதியில் தகுதி பெற்றிருந்த வரிசைகள், நிதிக்குத் தகுதியான வரிசைகளை என்.ஐ.எச். பட்டியலிடும் புதிய பதிவேட்டுக்குத் தாமாக வந்து சேர்ந்துவிடவில்லை. உலகெங்கும் பயன்பட்ட எச்9 வரிசையே 2010-இல்தான் அதில் இடம் பெற்றது. ஆகவே பழைய கட்டுரை ஒன்றில் அனுமதிக்கப்பட்ட வரிசை என்று படித்ததை நம்பி எழுதக் கூடாது. விண்ணப்பிக்கும் நாளில் பதிவேட்டைத் திறந்து, அந்த வரிசையின் பெயர் இருக்கிறதா, அதன் எதிரே நிபந்தனை ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நிபந்தனை என்பது வெறும் சடங்கு அல்ல. 2009 டிசம்பரில் ஹார்வர்டில் உருவான 27 வரிசைகளுக்கு அனுமதி கிடைத்தபோது, கருமுளையைத் தானம் செய்தவர்கள் கையெழுத்திட்ட படிவத்தில் கணைய அணுக்கள், நீரிழிவு என்ற நோக்கமே எழுதப்பட்டிருந்த காரணத்தால், அந்த வகை ஆய்வுக்கு மட்டுமே அவை அனுமதிக்கப்பட்டன. நரம்பணு ஆய்வாளர் ஒருவரிடம் அதே அணுக்கள் குளிர்பெட்டியில் இருந்தாலும் அந்த நிதியைக் கொண்டு அவற்றைத் தொட முடியாது. தானம் தந்தவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம் பின்னாளில் ஒருவருடைய மானியத்தை நிறுத்திவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாகா 2007-இல் மனிதத் தோல் அணுக்களிலிருந்து உருவாக்கிக் காட்டிய தூண்டப்பட்ட குருத்தணுக்களுக்கு இந்தப் பதிவேடு தேவையில்லை. ஆனால் கட்டுப்பாடே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது; குரங்கினத்தின் ஆரம்பநிலைக் கருமுளைக்குள் மனிதக் குருத்தணுக்களைச் செலுத்தும் ஆய்வுக்குத் தடை இரு வகைகளுக்கும் பொருந்தும்.

அமெரிக்கப் பதிவேட்டில் இருப்பதே போதும் என்று இங்குள்ளவர்கள் நினைப்பது அடுத்த தவறு. தென்னாப்பிரிக்காவின் 2003 ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டம் எண் 61-இன் 57 ஆம் பிரிவின்படி, 14 நாட்களுக்கு மேற்படாத கருமுட்டைகளையும் குருத்தணுக்களையும் கொண்டு ஆய்வு நடத்த, எழுத்து மூலம் விண்ணப்பித்துச் சுகாதார அமைச்சரின் அனுமதி பெற வேண்டும். தானம் தந்தவரின் முன் ஒப்புதலும் வேண்டும். மீறினால் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அறநெறிக் குழுவின் கடிதம் அமைச்சரின் அனுமதிக்கு ஈடாகாது. மனித உயிர்ப்பொருளை நாட்டுக்குள் கொண்டுவரவும் வெளியே அனுப்பவும் தனி அனுமதி தேவை, 2018 ஜூலையில் அரசிதழில் வெளியான, அப்பொருளைக் கைமாற்றுவதற்கான ஒப்பந்தமும் தேவை. இவற்றுக்கான மாதங்களை மூல மானியத்தின் மீதிக் காலத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் வேலையைத் திட்டமிட வேண்டும். அமெரிக்கக் குழுவின் துணைப் பங்காளியாகச் சேர்ந்துகொள்ளலாம் என்ற பழைய வழக்கத்தையும் அப்படியே நம்ப முடியாது. 2025 மே 1 அன்று என்.ஐ.எச்., வெளிநாட்டுத் துணை மானியங்களைப் புதிய அமைப்பு வரும்வரை வழங்கப்போவதில்லை என்று அறிவித்தது. நடப்பு விதி எதுவென்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள்ளவும்.

மிகைப்படுத்தி எழுதுவது நிதியை மட்டுமல்ல, நோயாளிகளையும் பாதிக்கிறது. கருமுளைக் குருத்தணுவிலிருந்து பெற்ற அணுக்களைத் தண்டுவடக் காயம்பட்டவருக்குச் செலுத்தும் ஜெரான் நிறுவனத்தின் சோதனை 2010-இல் தொடங்கி 2011-இல் நிறுவனத்தின் முடிவால் நின்றுபோனது. நடுக்குவாதத்துக்கான டோபமின் நரம்பணு மாற்றுச் சோதனைகளின் முடிவுகள் 2025-இல் வெளியாயின. அவற்றுள் ஒன்றில் பங்கேற்றவர்கள் 12 பேர், மற்றொன்றில் 7 பேர் சிகிச்சை பெற்றார்கள்; இரண்டும் முதன்மையாகப் பாதுகாப்பைச் சோதித்த தொடக்கநிலை ஆய்வுகள். ஓராண்டுக் கூடுதல் நிதியில் நோய் தீரும் வழி கிடைக்கும் என்று எழுதும் விண்ணப்பத்தை மதிப்பிடுபவர் நம்பமாட்டார். அதே சொற்களை ஒப்புதல் படிவத்தில் படிக்கும் நோயாளியோ நம்பிவிடுவார்.

அந்தப் படிவத்தைத்தான் கடைசி நேரத்தில் வேறொரு குழுவின் படிவத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுகிறார்கள். டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நடுக்குவாதத்தால் அவதிப்பட்ட ஓர் ஆயாவிடம் தோல் மாதிரி கேட்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலத் துண்டு ஒன்று போதும். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், ஆனால் படிவத்தைக் கேட்டு முடித்ததும் தமிழில்தான் கேட்டார்: "ஏம்மா, இத எடுத்துட்டுப் போனா என் கைநடுக்கம் நிக்குமா?" நான்கு பக்கப் படிவத்தில் நிற்காது என்று சொல்லும் வாக்கியம் ஒன்றுகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். அணுக்கள் வெளிநாட்டுக்குப் போகலாம், மரபணுத் தகவல் பகிரப்படலாம், எந்த நரம்பியல் நோய்க்கும் பயன்படலாம், வணிகப் பொருளாகலாம், ஆனாலும் தருபவருக்குப் பணம் தரச் சட்டம் இடம் கொடுக்காது, செலவை மட்டுமே ஈடுசெய்யலாம் என்பவையும் தெளிவாக இல்லை. அன்று மாதிரி எடுக்காமல் திரும்பினோம். அறநெறிக் குழுவின் திருத்த அனுமதியோடு, "இதனால் உங்கள் நோய் குணமாகாது" என்பதை முதல் பக்கத்தின் முதல் வரியாக, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டு மறுபடி போனோம். ஆயா படிவத்தை வீட்டில் வைத்துக்கொண்டு, பேத்தியை மீண்டும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து நடுங்கும் கையால் கையெழுத்திட்டார்.