மலையைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமைக் காலை, சிங்கப்பூரின் புக்கிட் தீமா குன்றின் உச்சிப் பாறை அருகே ஒரு தம்பி தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். டிசம்பரில் ஹாங்காங் போய் நான்கு நாள் தனியாக மலை நடக்கப் போகிறாராம். முதல் நாள் 18 கிலோமீட்டர், மறுநாள் 20 என்று அட்டவணை போட்டிருந்தார். “மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தை மூன்று மணி நேரத்தில் சுற்றிவிடுகிறேன் அண்ணே, இதெல்லாம் ஒரு தூரமா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் அக்காவிடம் நானும் இதையேதான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

தண்ணீர், மழைச்சட்டை, மருந்துப்பை பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. சமதளத்தில் வாழும் நாம் மட்டும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகளைச் சொல்கிறேன்.

தூரத்தைப் பார்த்து நாளைத் திட்டமிடுவது

இந்த ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

ஹாங்காங்கின் லந்தாவ் தீவில் உள்ள நடைபாதை 70 கிலோமீட்டர் நீளம், 12 பகுதிகள். அதில் இரண்டாம் பகுதி ஆறரை கிலோமீட்டர், மூன்றாம் பகுதி நாலரை. மொத்தம் 11. மெக்ரிட்சிச் சுற்றும் ஏறக்குறைய அதேதான். ஆகவே மூன்று மணி நேரம், படம் எடுக்க ஒரு மணி நேரம் சேர்த்தால் நான்கு என்று கணக்குப் போட்டேன். நிதானமாகக் காலை உணவு முடித்து, படகேறி அந்தத் தீவின் முய் வோ துறைக்குப் போய், நடக்கத் தொடங்கியபோது மணி பன்னிரண்டே முக்கால்.

அந்த 11 கிலோமீட்டருக்குள் இரண்டு மலைகள் இருக்கின்றன. சன்செட் பீக் 869 மீட்டர். அதில் ஏறி, ஏறிய உயரத்தில் பெரும்பகுதியை இழந்து பாக் குங் ஆவ் கணவாய்க்கு இறங்கி, மறுபடியும் 934 மீட்டர் உயரமுள்ள லந்தாவ் சிகரத்துக்கு ஏற வேண்டும். ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 1,200 மீட்டர். நம் புக்கிட் தீமா 164 மீட்டர்கூட இல்லை. 40 மாடி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றைப் படிவழியாகப் பத்து முறை ஏறினாலும் அந்த 1,200 மீட்டர் வராது.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்னது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். என் நாளை அதில் போட்டால் நாலேகால் மணி நேரம் வருகிறது. ஓய்வு, சாப்பாடு, செங்குத்துப் படிகளில் இறங்கும் தாமதம் எதுவும் அதில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் ஐந்தரைக்குக் குறையாது. இந்தக் கூட்டலைப் போட எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

அதைவிட மோசமாக என்னை ஏமாற்றியது கடிகாரம். ஹாங்காங்கில் இறங்கியபோது நேரத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை. இரண்டு ஊருக்கும் ஒரே மணிதான். அதனால் வெளிச்சமும் ஒன்றாகவே இருக்கும் என்று மனம் தானாக எடுத்துக்கொண்டது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. இது நம் கடிகாரம் தந்த சலுகை. மலேசியாவோடு சேர்ந்து 1982 ஜனவரி 1 முதல் நாமும் நேரத்தை அரை மணி முன்னே தள்ளிக்கொண்டோம். சூரியக் கணக்குப்படி பார்த்தால் நம் மணி ஓர் மணி நேரத்துக்கு மேல் முந்திக்கொண்டிருக்கிறது. ஹாங்காங்கில் டிசம்பர் நடுவில் ஐந்து நாற்பதுக்கெல்லாம் சூரியன் போய்விடும். மலேசியாவின் சாபாவிலும் நம் மணிதான். கினபாலு மலையடிவாரத்தில் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் முன்னதாகவே இருட்டுகிறது. விமான டிக்கெட் எடுக்கும் அன்றே சூரியன் மறையும் நேரத்தையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

பாக் குங் ஆவுக்கு நான் இறங்கியபோது மணி நாலு. அங்கே சாலை குறுக்கிடுகிறது, பஸ் நிறுத்தம் இருக்கிறது. துங் சுங் நகருக்குப் போகும் பஸ் ஒன்று என் கண் முன்னே வந்து நின்றது. ஓட்டுநர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்து அனுப்பிவிட்டேன். இன்னும் நாலரை கிலோமீட்டர்தானே என்ற எண்ணம்.

உச்சியை அடைந்தபோது கடல் சாம்பல் நிறமாகிவிட்டது. மூன்றாம் பகுதி முடியும் நொங் பிங் பக்கம் இறங்கும் கல்படிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். தலைவிளக்கு தங்குவிடுதிப் பெட்டியில் கிடந்தது. கைத்தொலைபேசி வெளிச்சத்தில் இறங்கினேன். மின்கலம் ஒன்பது விழுக்காட்டுக்கு வந்ததும் அதையும் அணைத்துவிட்டு, படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து, கையால் அடுத்த கல்லைத் தடவிப் பார்த்து இறங்கினேன். அப்படியும் ஈரக்கல் ஒன்றில் வலது கால் மடங்கியது. கீழே வந்து சேர்ந்தபோது கம்பிவட ஊர்தி நின்று வெகுநேரமாகியிருந்தது. கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தொலைபேசியில் நீல டாக்சி வரவழைத்துக் கொடுத்தார். மீதி இரண்டு நாளும் அறையில் காலைத் தூக்கி வைத்துக் கிடந்தேன். ஊர் திரும்பிய பிறகும் ஆறு வாரம் சரியாக நடக்க முடியவில்லை.

தனியாகப் போகிறவருக்கு “போதும், திரும்பிவிடலாம்” என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. அந்த வார்த்தையை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். பாதையில் வெளியேற வழியுள்ள ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நேரம் குறியுங்கள். பாக் குங் ஆவ், பிற்பகல் இரண்டரை. அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் பஸ். களைத்த மூளையிடம் அந்த முடிவை விடாதீர்கள். களைப்பு எப்போதும் “இன்னும் கொஞ்சம்தான்” என்றே சொல்லும்.

மின்தூக்கியில் இறங்குவது

பயிற்சிக்காகப் புளோக் படிகளில் ஏறுகிறவர்கள் நிறையப் பேர். மேலே போனதும் மின்தூக்கியில் இறங்கிவிடுகிறார்கள். முழங்காலைக் காப்பதாக நினைப்பு. மலையில் தொடையைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்கும் வேலை அது. ஏறி மட்டும் பழகிய காலுக்கு அந்த வேலை தெரியாது. வாரத்தில் ஒரு நாளாவது முதுகுப்பையோடு படிவழியாகவே மெதுவாக இறங்குங்கள்.

பழைய காலணியை நம்புவது

தேசிய சேவைக் காலத்துப் பூட்ஸோ, நான்கு ஆண்டுக்கு முன் வாங்கிய மலைக்காலணியோ, வாசல் காலணி அலமாரியில் புதிது போலவே இருக்கும். அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேனாக இருந்தால், நம் ஊர் ஈரக்காற்றே அதை உள்ளுக்குள் சிதைத்துவிடும். அணியாமல் வைத்திருந்தாலும் சிதையும். கையில் எடுத்து நன்றாக வளைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது வெடிப்பு தெரிந்தாலோ தூள் உதிர்ந்தாலோ தூக்கிப் போடுங்கள். புதியதை வாங்கினால் அதில் பலமுறை நீண்ட நடை நடந்த பிறகே விமானம் ஏறுங்கள்.

தனியாகப் போக விடுவார்களா என்று கேட்காதது

கினபாலுவில் வழிகாட்டி கட்டாயம். நேப்பாளம் 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நடைப்பயணிகளுக்கு வழிகாட்டி வேண்டும் என்று அறிவித்தது. இந்தோனேசியாவில் லொம்போக் தீவின் ரிஞ்சானி மலை மழைக்காலத்தில் மூடப்படும். விடுப்புக்கு விண்ணப்பிக்கும் முன் இதைப் பாருங்கள்.

உயரத்தோடு போட்டி போடுவது

3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மேலே போகாதீர்கள். மோசமானால் உடனே இறங்குங்கள்.

காப்புறுதி

எத்தனை மீட்டர் உயரம் வரை காப்பு உண்டு என்ற வரியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

“மலைக்குப் போகிறேன்” என்று மட்டும் சொல்வது

எங்கே போகிறேன் என்பது பற்றி அக்காவிடம் நான் சொன்னது அவ்வளவுதான். அன்று இரவு பத்து மணி வரை அவருக்கு எந்தத் தீவு என்றுகூடத் தெரியாது. இப்போது நான்கு வரி அனுப்புகிறேன்: பாதையின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், எத்தனை மணிக்குள் அழைப்பேன். அதற்குள் அழைக்காவிட்டால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்பது ஐந்தாவது வரி. ஹாங்காங் என்றால் 999. அங்கே பாதை நெடுக 500 மீட்டருக்கு ஒன்றாக எண்ணிட்ட தூரக்கம்பங்கள் நிற்கின்றன. கடந்துபோகும் கம்பத்தின் எண்ணைச் சிற்சில இடங்களில் அக்காவுக்கு அனுப்பிவிடுவேன். அவர் பதில் எழுதுவதில்லை. படித்ததற்கான இரண்டு நீலக்கோடுகள் தெரிந்ததும் நடையைத் தொடர்வேன்.