வீட்டுக் கொல்லையில் கோழி: முதலில் கூட்டைக் கட்டுங்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், வயதானவர் எவரைக் கேட்டாலும் லயத்து வீட்டுப் பின்புறத்தில் கோழி வளர்த்த கதையைச் சொல்வார். விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் போதும். கோழிகள் பால்மரக் (ரப்பர்) காட்டுக்குள் புகுந்து கரையானையும் புழுவையும் கிளறித் தின்றுவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தாமாகவே வாசலுக்கு வந்து சேரும். வளர்ப்பவர் போட்டதெல்லாம் ஒரு கை நொய்யும் மிஞ்சிய சோறும்தான். அந்த நினைவை நம்பி இன்று தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டில் கோழி வாங்கி விடுபவர்கள்தாம் பெரும்பாலும் நட்டப்படுகிறார்கள். பால்மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) நிற்கிறது. மரத்தைச் சுற்றிக் களைக்கொல்லி அடிக்கிறார்கள், எலிக்கு விஷக்கட்டி வைக்கிறார்கள். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும் மற்ற களைக்கொல்லிகள் பயன்பாட்டில்தான் உள்ளன. மருந்து அடித்த புல்லைக் கொத்தித் திரியும் கோழியின் முட்டையைப் பிள்ளைக்கு அவித்துக் கொடுக்க எனக்கு மனம் வராது. ஆகவே, இன்றைய வளர்ப்பு வேலிக்குள் நடக்கும் வளர்ப்பு. அதற்குக் கோழியை விடக் கூடுதான் முதல் தேவை.

கூட்டுக்கும் முன்பாக ஒரு விசாரணை உண்டு. குடியிருப்புப் பகுதியில் கோழி, வாத்து வளர்ப்பதற்கு ஊராட்சி மன்றங்கள் தனித்தனி விதிகளை வைத்திருக்கின்றன. சில இடங்களில் உரிமம் வேண்டும், சில இடங்களில் அனுமதியே இல்லை. உங்கள் பகுதிக்குரிய மன்றத்தில் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. அடுத்த வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சேவல் இல்லாமலேயே பெட்டைக்கோழி முட்டையிடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். முட்டை மட்டும் போதும் என்பவர் சேவலை விலக்கிவிட்டால், விடியற்காலைக் கூவலால் வரும் மனக்கசப்பு அறவே இல்லாமல் போகும்.

ஆறு கோழிகளோடு தொடங்குபவருக்கு ஆறடி நீளமும் நாலடி அகலமும் உள்ள கூடு போதுமானது. கோழிகள் பகலில் உலாவுவதற்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வேலியிட்ட இடமும் இருக்க வேண்டும். கூட்டின் தரை மண்ணிலிருந்து இரண்டடி உயர்ந்து நிற்கட்டும். நீளவாக்கு கிழக்கு மேற்காக அமைந்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே நேராகப் பாய மாட்டா. தகரக் கூரையை நாலு பக்கமும் குறைந்தது இரண்டடி வெளியே நீட்டிப் போடுங்கள். பேராக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை நேரத்தில் கொட்டும் மழை நேராகப் பெய்வதில்லை, சாய்ந்து அடிக்கும். ஈரத் தரை வெயிலை விடக் கொடியது என்பது என் அனுபவம். வெயிலுக்குக் கோழி வாயைத் திறந்து இரைத்து, நிழல் தேடிப் போய்த் தப்பித்துக்கொள்ளும். இரவெல்லாம் ஈரத்தில் நிற்கும் கோழியிடம் சளியும் ரத்தக்கழிச்சலும் வந்து சேரும். தரையில் மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு உமியோ உலர்ந்த மரத்தூளோ பரப்பி, வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட்டு, மூக்கை அரிக்கும் நெடி வந்தவுடன் மாற்றிவிட வேண்டும். அள்ளிய எருவை மட்கவைத்து வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் போடலாம்.

சுவருக்குக் கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கோழிவலையை வாங்கிவிடாதீர்கள். அது கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, வெளியில் இருப்பவற்றைத் தடுக்காது. செம்பனைக் காட்டை ஒட்டிய வீடுகளுக்கு மலைப்பாம்பு, மரநாய், உடும்பு ஆகிய மூன்றும் வரும். பகலில் முட்டைக்காகக் குரங்கும் வரும். இணைப்புகள் பற்றவைக்கப்பட்ட அரை அங்குலக் கம்பிவலையே வேண்டும். தரையைத் தொடும் வேலியில் வலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழம் மண்ணுக்குள் புதைக்க வேண்டும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் வேண்டும். ஒரு தீபாவளிக்கு முந்தின இரவு விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கதவைச் சாத்த மறந்தேன். மறுநாள் கூட்டில் நாலு கோழிகள் கழுத்து கடிபட்டுக் கிடந்தன, தின்னப்பட்டது ஒன்றுதான். அன்று முதல் சந்தியா விளக்கு ஏற்றியதும் கூட்டுக் கதவைப் பூட்டுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

உள்ளே, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் உருண்டைக் கட்டை ஒன்றைக் குறுக்கே கட்டி, ஒவ்வொரு கோழிக்கும் ஒரு சாண் இடம் கிடைக்குமாறு செய்யுங்கள். நாலைந்து கோழிகளுக்கு ஒன்று என்ற கணக்கில், ஓரடி அகலமும் ஓரடி ஆழமும் உள்ள முட்டைப் பெட்டியை இருட்டான மூலையில் வைத்தால் போதும்.

எந்தக் கோழியை வாங்குவது என்பது உங்கள் நோக்கத்தைப் பொறுத்தது. முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட கலப்பினப் பெட்டைகள் ஐந்து மாதத்துக்குள் முட்டையிடத் தொடங்கி, நல்ல தீனி கிடைத்தால் ஆண்டுக்கு முந்நூறு வரை இடும். ஆனால் அடைகாக்கும் குணம் அவற்றிடம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் கம்போங் கோழி, அதாவது நாட்டுக்கோழி, ஒரு சுற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துகொள்ளும். கறிக்கு வர நாலைந்து மாதம் ஆகும். ஆனால் சுவையும் விலையும் அதற்குத்தான். முனீஸ்வரர் கோயில் பூசைக் காலத்தில் சிவப்புச் சேவல், கறுப்புச் சேவல் என்று நிறம் சொல்லித் தேடி வருபவர்கள் கம்போங் சேவலைத்தான் கேட்பார்கள். இரண்டிலும் மூன்று மூன்றாக வைத்துக்கொள்வது தொடக்கத்துக்குப் பொருத்தமாக இருக்கும்.

தீனியில் சிக்கனம் பார்ப்பவர்கள் முட்டையில் இழப்பார்கள். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீனி தின்னும். ஆறு கோழிகளுக்கு மாதம் 20 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 16 முதல் 18 விழுக்காடு புரதமும், ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் இருக்க வேண்டும்; ஆகவே கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீனியே அடிப்படையாகட்டும். அதே தீனியைக் குஞ்சுகளுக்குப் போடக் கூடாது. மிகையான சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிஞ்சிய சோறு, தேங்காய்ச் சக்கை, பப்பாளி, கீரைத் தண்டு ஆகியவை மேல்தீனி மட்டுமே. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் முட்டை குறைவதைக் கண்ணாரக் காணலாம். பூஞ்சணம் பிடித்த எதையும் போடாதீர்கள். செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதில் நார் அதிகம், மாட்டுக்கு ஏற்றது, கோழிக்கு அது முதன்மைத் தீனி ஆகாது. தண்ணீர் தீனியின் எடையைப் போல் இருமடங்கு செலவாகும், வெயில் நாளில் இன்னும் கூடும். பாத்திரத்தை நிழலில் வைத்து, தினமும் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள்.

இனி நோய். தோட்டப்புறத்தில் ஒரே வாரத்தில் கூட்டையே காலி செய்வது வெள்ளைக்கழிச்சல்தான். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். கோழி மூச்சுக்குத் திணறும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், இறக்கை தொங்கும். வந்த பிறகு மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றே வழி. 1980களில் செர்டாங்கில் இருந்த அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வெப்பம் தாங்கும் வி4-யுபிஎம் என்ற தடுப்பு மருந்தைக் கம்போங் கோழிகளுக்காகவே தீனியில் கலந்து கொடுக்கும் முறையில் உருவாக்கினார்கள். குளிர்பெட்டி வசதி இல்லாத கிராமங்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட வேலை அது. பொதுவாகக் குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தை முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டும், மூன்று நான்கு வாரத்தில் மறுமுறையும் கொடுப்பார்கள். அதற்குப் பிந்தைய அட்டவணையையும் மருந்து கிடைக்கும் இடத்தையும் கால்நடைச் சேவைத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டறியலாம். கொசுவால் பரவும் அம்மைக்கு இறக்கைச் சவ்வில் குத்தும் தடுப்பூசி உண்டு. கூட்டைச் சுற்றித் தேங்கும் தண்ணீரை அகற்றுவதும் அம்மைத் தடுப்பில் சேரும். குஞ்சுகளுக்கு வரும் ரத்தக்கழிச்சலுக்குத் தண்ணீரில் கலக்கும் ஆம்புரோலியம் பலன் தரும். 2004இல் கிளந்தானிலும் 2006இல் பேராக்கிலும் பறவைக் காய்ச்சல் வந்ததை மறக்க வேண்டாம்: காரணம் தெரியாமல் பல கோழிகள் ஒன்றாகச் செத்தால், அறுத்துப் பார்க்கவோ அண்டை வீட்டுக்குக் கொடுக்கவோ கூடாது, உடனே துறைக்குச் சொல்லுங்கள். செத்த கோழியை ஆற்றிலும் கால்வாயிலும் வீசுவது ஊருக்கே நோயை அனுப்புவதாகும்.

அடைவைப்புக்கு ஒரு வாரத்துக்கு உட்பட்ட முட்டைகளாகத் தேர்ந்தெடுத்து, பெட்டை மூடும் அளவுக்கு, அதாவது பத்து முதல் பன்னிரண்டு வரை, இரவில் வையுங்கள். இடிச் சத்தத்தில் முட்டை கெட்டுவிடும் என்று அடைக்கூடையில் இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் கரியும் போடுவது நம் பாட்டிமார் வழக்கம். இடியால் கெடுவதற்கு ஆதாரம் இல்லை. அடைக்கோழியிடம் பேன் இருக்கிறதா என்று பார்த்து, கூடையில் சாம்பலும் வேப்பிலையும் போடுவது அதைவிடப் பயன் தரும். ஏழாம் நாள் இருட்டறையில் கைவிளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தால், கரு வளர்ந்த முட்டையில் சிலந்தி வலைபோல் ரத்த நாளம் தெரியும். தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம், விட்டுவைத்தால் கூமுட்டையாகி வெடிக்கும். கோழிக்கு 21 நாள், வாத்துக்கும் வான்கோழிக்கும் 28 நாள், மணிலா வாத்துக்கு 35 நாள். மணிலா வாத்து சத்தம் போடாது, ஈயையும் கொசுவையும் பிடிக்கும், முட்டையைத் தானே அடைகாக்கும். ஆனால் தண்ணீரைக் கொட்டிச் சேறாக்கும் என்பதால் அதைக் கோழிக் கூட்டில் சேர்க்க வேண்டாம். தாயில்லாக் குஞ்சுகளை முதல் வாரத்தில் 33 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் விளக்கின்கீழ் வைத்து, வாரந்தோறும் மூன்று பாகை குறைத்துக்கொண்டு வாருங்கள். குஞ்சுகள் விளக்கடியில் குவிந்தால் குளிர்கிறது, சுவரோரம் ஒதுங்கினால் சூடு அதிகம்.

செலவுக் கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறு கலப்பினக் கோழிகள் நன்றாக இட்டால் மாதம் 130, 140 முட்டை கிடைக்கும், முப்பது முட்டைத் தட்டில் நாலைந்து தட்டுகள். முட்டைக்கான மானியமும் விலைக் கட்டுப்பாடும் 2025 ஆகஸ்ட் 1இல் நீங்கிவிட்டன என்றாலும், தீனி, தடுப்பூசி, கூட்டுச் செலவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முதலாண்டில் கடை முட்டையே மலிவாக இருக்கும். கறிக்கென்றால் அறுப்பதற்கு முன் பத்து மணி நேரம் தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் கொடுங்கள். மருந்து கொடுத்த கோழியாயின், உறையில் குறித்துள்ள விலக்கு நாள்கள் முடியும்வரை முட்டையையும் கறியையும் பயன்படுத்தாதீர்கள். இறகு நீக்க 60 பாகையைச் சற்றே தாண்டிய வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் போதும். கொதிநீரில் போட்டால் தோல் உரிந்து கிழிந்துவிடும்.