பொங்கல் லீவு காதல் கதை எழுதப்போறீங்களா, நடுவுல ஒரு குழந்தையும் இருக்கா, அப்ப இதப் படிச்சிட்டு எழுதுங்க

மார்கழி பொறந்தா இந்த மாதிரி கதைங்க வரிசையா வந்துரும். அக்காவும் மாமாவும் ஆக்சிடென்ட்ல போயிட்டாங்க, ஏழு வயசுப் புள்ள தனியா நிக்குது, சென்னையில ஐடி வேலை பாக்குற சித்தி உழவன் எக்ஸ்பிரஸ் புடிச்சு விடியக்காலைல வந்து எறங்குறா, ஊர்ல ஒரு ஹீரோ, பொங்கப்பானை பொங்குற அதே செகண்ட்ல புள்ள சிரிக்குது, இவங்க ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கிறாங்க, சுபம். நானும் இதே மாதிரி ரெண்டு எழுதித் தொலைச்சிருக்கேன் அதனால யாரையும் குத்தம் சொல்லல. ஆனா மன்னார்குடி பக்கம் பொறந்து வளந்தவளுக்கு ஒரே ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருக்கும். சாவு விழுந்த வீட்ல அந்த வருஷம் ஏதுங்க பொங்கல்?

எங்க பக்கம் ஒரு வருஷத்துக்குப் பண்டிகையே கிடையாது. புதுப்பானை வாங்க மாட்டாங்க, கரும்பு வராது, வாசல்ல தண்ணி தெளிச்சு பேருக்கு நாலு புள்ளி வைப்பாங்க, சில வீட்ல அதுவும் இல்ல. தெரு பூரா தட்டைத் தட்டி பொங்கலோ பொங்கல்னு கத்துறப்ப இந்த வீட்ல மட்டும் டிவி சவுண்டக் கொறைச்சு வச்சிட்டு உக்காந்திருப்பாங்க, அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்குல சக்கரப்பொங்கல் கொண்டாந்து திண்ணையிலயே வச்சிட்டு ஒண்ணும் பேசாமப் போவாங்க. உங்க கதை அந்தத் தூக்குலதான் இருக்கு, பொங்கப்பானையில இல்ல. பெரியவங்களுக்கு இது தீட்டுக் கணக்கு, அந்தப் புள்ளைக்கு? அம்மா அப்பா போனதுக்கு தனக்கு தண்டனை குடுக்குற மாதிரிதான் இருக்கும். அப்பாயிகிட்ட, அதாவது அப்பாவோட அம்மாகிட்ட போயி "நம்ம வீட்ல ஏன் கரும்பு வாங்கல"ன்னு அது கேக்குற ஒரு வரிய எழுதிட்டீங்கன்னா மொத அத்தியாயம் முடிஞ்சுது.

இன்னொரு வழியும் இருக்கு. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையக் கடந்துச்சுல்ல, அதுக்கடுத்த பொங்கல்ல கதைய வைங்க. தென்னை சாஞ்சு கெடக்குற ஊர்ல எந்த வீட்டுக்குமே பண்டிகை மனசு கெடையாது, அப்ப புள்ளையோட துக்கம் தனியா துருத்திக்கிட்டு நிக்காது. இதுக்கு கொஞ்சம் வேலை அதிகம், அந்த ஊர்க்காரங்க யாருகிட்டயாவது உக்காந்து பேசிட்டு எழுதுங்க.

அடுத்து உறவுமுறை. இதுல நம்மாளுங்க சொதப்புற மாதிரி வேற எதுலயும் சொதப்புறதில்ல. ஒரு தொடர்ல ஹீரோயின் குழந்தைக்கு சித்தி, ஹீரோ தாய்மாமன், பதினெட்டு அத்தியாயம் லவ்வு, ஒருத்தரும் கேக்கல. சித்தியும் தாய்மாமனும் அண்ணன் தங்கச்சிய்யா! சரியா வரணும்னா ரெண்டே ஜோடிதான். அம்மாவோட தங்கச்சியும் அப்பாவோட தம்பியும், இல்லன்னா அப்பாவோட தங்கச்சியும் அம்மாவோட அண்ணன் தம்பியும். மொத ஜோடிய அந்தப் புள்ள சித்தி சித்தப்பான்னு கூப்புடும், ரெண்டாவது ஜோடிய அத்தை மாமான்னு கூப்புடும். அதாவது அதுங்க ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் நிமிந்து பாக்குறதுக்கு முன்னாடியே புள்ள வாயில புருஷன் பொண்டாட்டி ஆயிருச்சு. நம்ம பாஷை சும்மா தூக்கிக் குடுத்த சமாச்சாரம் இது, இத விட்டுட்டு மழையில நனையிற சீன் எழுதுறாங்க.

சித்தி சித்தப்பா ஜோடின்னே வச்சிக்குவோம். அவன நேரா என்னன்னு கூப்புடுறதுன்னு அவளுக்குத் தெரியாது, மச்சான்னு சொல்ல வாய் வராது, பேர் சொன்னா அப்பாயி முறைக்கும். அதனால எல்லாப் பேச்சும் புள்ள வழியாத்தான் போகும். "உங்க சித்தப்பாகிட்ட காபி ஆறுதுன்னு சொல்லு", "உங்க சித்திய உப்பு கொஞ்சம் பாத்துப் போடச் சொல்லு". புள்ள அத அப்படியே சொல்லாது, "சித்தி, சித்தப்பா சாம்பார் நல்லாருக்காம்"னு மாத்திச் சொல்லும், ஏன்னா அதுக்கு இந்த வீட்ல இன்னொரு சண்ட வேண்டாம். ஒரு பத்து நாள் இப்படி ஓட்டுங்க, அப்புறம் ஒரு ராத்திரி புள்ள சீக்கிரம் தூங்கிரும், நடுவுல தூது சொல்ல ஆள் இல்ல, ரெண்டு பேரும் வீட்டு முற்றத்துல நிக்கிறாங்க, அவன் தொண்டையக் கனைச்சிட்டு "சாம்பார்... உப்பு கம்மிதான்"ங்கறான். அதுதான் லவ் சீன், தொட்டுக்கறதெல்லாம் வேணாம்.

அப்புறம் ஒரு விஷயத்த மறந்துடுறோம், துக்கம் புள்ளைக்கு மட்டுமில்ல. இவ அக்காவப் பறிகொடுத்தவ, அவன் அண்ணனப் பறிகொடுத்தவன்.

குழந்தை எப்படித் துக்கப்படும்ங்கறது தெரியாமத்தான் முக்காவாசிப் பேர் எழுதுறாங்க. மூலையில உக்காந்து போட்டோவப் பாத்து கண்ணீர் விடுறது பெரியவங்க பண்றது. புள்ளைங்க பத்து நிமிஷம் அழுவும், பதினோராவது நிமிஷம் சைக்கிள் டயர் ஓட்டப் போயிரும், ராத்திரி திரும்ப அழுவும். படுக்கையில ஒண்ணுக்குப் போறத விட்ட புள்ள திரும்ப போவ ஆரம்பிக்கும். வயிறு வலிக்குதுன்னு பள்ளிக்கூடம் போவாது, நெசமாவே வலிக்கும். சித்தி கடைக்குப் போனாக்கூட வாசல்லயே நிக்கும், போறவங்க திரும்பி வரமாட்டாங்கன்னு ஒருதடவ பாத்துருச்சுல்ல. அஞ்சு வயசுக்கு உள்ளன்னா செத்தா வரமாட்டாங்கங்கறதே முழுசாப் புரியாது, நேத்து சொன்னதயே இன்னிக்கும் கேக்கும். "அம்மா தூங்குறாங்க"ன்னு யாரையாவது சொல்ல வச்சீங்கன்னா அடுத்த அத்தியாயத்துல அந்தப் புள்ள தூங்கவே பயப்படணும், அதான் கணக்கு.

எல்லாத்தையும் விட மோசமானது, நம்மளாலதான் இப்படி ஆச்சுன்னு அது மனசுக்குள்ளயே வச்சிருக்கும். இத எப்படி வெளில கொண்டு வர்றது? பெரிய டயலாக் எழுதாதீங்க. நான் ஒரு தடவ பேன் வச்சு எழுதினேன். காரியத்துக்கு வந்த கூட்டத்துல பத்துப் புள்ளைங்களோட ஒரே ஜமக்காளத்துல படுத்துச்சு, ரெண்டு மாசமா தலைய யாரும் பாக்கல, தலை பூரா பேன். சித்தி திண்ணையில உக்காந்து மடியில தலையச் சாய்க்க வச்சு பேன் சீப்பால வாருறா, சித்தப்பா பக்கத்துல வெள்ளைத் துணிய விரிச்சுப் புடிச்சிக்கிட்டு "ஒண்ணு... ரெண்டு..."ன்னு எண்ணுறான். புள்ள மொகம் கீழ இருக்கு, யாரும் பாக்கல, அதனால பேச வருது.

"சித்தி, அம்மா தலையிலயும் பேன் இருந்துச்சா?"

"இருந்துச்சே, சின்ன வயசுல ரெண்டு பேருக்கும்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மடிக்குள்ள இருந்து, "நான்தான் கலர் பென்சில் வாங்கிட்டு வரச் சொன்னேன். அதான் கடைக்குப் போனாங்க."

சீப்பு நின்னுருச்சு. சித்தப்பன் எண்ணுறத நிறுத்தல, குரல் மட்டும் மாறிருச்சு, "பதினாலு"ன்னான். நான் அங்கயே அத்தியாயத்த முடிச்சேன். அடுத்ததுல சித்தி சொல்லணும், "லாரிக்காரன் கவனிக்கல, அதனால அடிபட்டுச்சு, நீ பென்சில் கேட்டது தப்பே இல்ல"ன்னு, அத ஒருதரம் இல்ல நாலு அஞ்சு அத்தியாயத்துல நாலு அஞ்சு தரம், ஏன்னா புள்ளைங்க ஒரு தரத்துல நம்பாது.

சட்டம் கொஞ்சம். "கல்யாணம் ஆனாத்தான் கோர்ட் குழந்தையக் குடுக்கும்"னு எழுதி அவசரக் கல்யாணம் வைக்கிறது பழைய டெக்னிக், அப்படி ஒரு சட்டம் கெடையாது. கார்டியனா ஆகணும்னா 1890ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்துல ஜில்லா கோர்ட்ல மனு போடலாம், புள்ளையோட நலன்தான் பாப்பாங்க, வெவரம் தெரிஞ்ச வயசுன்னா அது விருப்பத்தையும் கேப்பாங்க. 1956 இந்து தத்தெடுப்புச் சட்டப்படி கல்யாணம் ஆகாத பொண்ணும் தத்து எடுக்கலாம். ஆனா ஆம்பள ஒருத்தன் பொம்பளப்புள்ளையத் தத்து எடுத்தா 21 வயசு வித்தியாசம் இருக்கணும். புள்ளைக்கு 7, சித்தப்பனுக்கு 27ன்னா ஒரு வருஷம் இடிக்குது, அத வச்சே நல்ல முடிச்சு போடலாம். தமிழ்நாட்ல 2025ல அம்மா அப்பா இல்லாத புள்ளைங்களுக்கு அன்புக்கரங்கள்னு திட்டம் வந்துச்சு, மாசம் 2000 ரூபா, 18 வயசு வரைக்கும். அந்தப் பணத்த யாரு பேருல வாங்குறதுன்னு ரெண்டு வீட்டுக்கும் ஒரு உரசல், அதுவும் நெசமா நடக்கக்கூடியது.

ஹீரோவ எப்பப் பாத்தாலும் புல்லட்ல சுத்த விடாதீங்க. பொங்கல் சமயம் டெல்டாவுல சம்பா அறுப்பு நேரம். வயல்ல ஈரம் காயலன்னா டயர் வச்ச அறுப்பு மிஷின் எறங்காது, செயின் மிஷினுக்கு அலையணும், அறுத்து டிபிசில, அதான் அரசாங்க நெல் கொள்முதல் நிலையத்துல கொட்டிட்டு தார்ப்பாய மூடிக்கிட்டு ராத்திரி காவல் படுக்கணும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல காட்டுச்சுன்னா திரும்பக் காய வைக்கணும், மாட்டுப் பொங்கல் அன்னிக்கி வீட்டுக்கு வர்றேன்னு புள்ளகிட்ட சொன்னவன் வரமுடியாது. வராம போனவங்க லிஸ்ட்ல இவனும் சேந்துட்டான்னு புள்ள நெனைக்கிற எடம் இது. சித்தி டிபன் பாக்ஸோட புள்ளையக் கூட்டிக்கிட்டு ராத்திரி நெல்லுக் குவியலுக்குப் போகட்டும், அவன் இருக்கான்னு அது கண்ணால பாக்கட்டும். அந்த ராத்திரி நெல்லு மேல படுத்து தூங்குனா ஒடம்பெல்லாம் சொணை புடுங்கும், ரொமான்ஸ்னு எழுதுறப்ப அதையும் எழுதுங்க.

கல்யாணத்துக்கு அவசரம் வேணும்னா அதுவும் ஊர்லயே இருக்கு, சாவு விழுந்தா வருஷத்துக்குள்ள முடிச்சிடணும் இல்லன்னா தள்ளிப் போடணும்னு சொல்ற வீடுங்க நெறைய. அப்பாயி அத ஆரம்பிக்கட்டும், இவங்க ரெண்டு பேரும் மழுப்பட்டும். சம்மதம் சொல்றத ஆடிப்பெருக்குக்குத் தள்ளுங்க. வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் அணை தொறந்த வருஷம்னா வாய்க்கால்ல தண்ணி வந்திருக்கும், புள்ளைங்க சப்பரம் இழுத்துக்கிட்டு ஆத்தங்கரைக்கு ஓடும், நம்ம புள்ளையும் அந்தக் கூட்டத்துல பின்னாடி திரும்பிப் பாக்காம ஓடுனா போதும். சித்தி கடைக்குப் போனா வாசல்ல நின்ன புள்ள அது, வாசகருக்கு ஞாபகம் இருக்கும்.

கதைய ஆன்லைன்ல தொடராப் போடுறதப் பத்தி ஒண்ணு. மார்கழி ஒண்ணு டிசம்பர் 16 வாக்குல வரும், அன்னிக்கி ஆரம்பிச்சு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா போகிக்குள்ள பதினாலு பதினஞ்சு அத்தியாயம் ஆயிரும். கடைசி அத்தியாயத்தப் பொங்கல் அன்னிக்கிப் போடாதீங்க, எல்லாரும் அடுப்படியில நிப்பாங்க. காணும் பொங்கல் சாயங்காலம் போடுங்க, கரும்பு கடிச்சு வாய் வலிச்சுப் போயி பாயில படுத்து போனத் தொறப்பாங்க பாருங்க, அந்த நேரம்.