மூழ்கிய தூணின் மீது நீரின் இழுவிசை: பரிமாணப் பகுப்பாய்வால் மதிப்பிடும் முறை

ஓடும் நீர் தூணைத் தன் போக்கில் தள்ளும் விசையே இழுவிசை; அளவுகளின் பரிமாணங்களை (நிறை, நீளம், காலம்) ஒப்பிட்டு அதன் சூத்திர வடிவத்தைக் காண்பதே பரிமாணப் பகுப்பாய்வு. முதலில், விசையைத் தீர்மானிக்கும் அளவுகளைப் பட்டியலிடுங்கள்: நீரின் அடர்த்தி, வேகம், தூணின் விட்டம், பாகியல் எண் (நீரின் பிசுபிசுப்பின் அளவு). இழுவிசையோடு சேர்த்து ஐந்து. பாதித் தவறுகள் இந்தப் பட்டியலில்தான் நுழைகின்றன. பாகியல் எண்ணை அடர்த்தியால் வகுத்துக் கிடைக்கும் இயக்கப் பாகுநிலையைத் தனி அளவாகச் சேர்க்காதீர்கள்; அதில் புதிதாக ஒன்றுமில்லை. தூண் நீர்மட்டத்துக்கு மேலே நீண்டு, பரப்பில் அலை எழுப்பினால் புவியீர்ப்பு முடுக்கத்தையும் சேர்த்தே ஆக வேண்டும். அப்போது ஃப்ரூட் எண்ணும் (ஓட்டத்தின் வேகத்தைப் புவியீர்ப்போடு ஒப்பிடும் பரிமாணமற்ற எண்) வந்துவிடும். முழுதும் ஆழத்தில் இருந்தால் அது தேவையில்லை.

நிறை, நீளம், காலம் என அடிப்படைப் பரிமாணங்கள் மூன்று. பக்கிங்காமின் பை தேற்றப்படி 5 − 3 = 2 பரிமாணமற்ற எண்கள் கிடைக்கும். அடர்த்தி, வேகம், விட்டம் மூன்றையும் அடிப்படை அளவுகளாக எடுத்து இழுவிசையோடு ஒப்பிடுங்கள். நிறையைச் சமன் செய்தால் அடர்த்தியின் அடுக்கு 1. காலத்தைச் சமன் செய்தால் வேகத்தின் அடுக்கு 2. நீளத்தைச் சமன் செய்தால் விட்டத்தின் அடுக்கும் 2. ஆக முதல் எண், இழுவிசை ÷ (அடர்த்தி × வேகம்² × விட்டம்²). இரண்டாவது ரெனால்ட்ஸ் எண்: அடர்த்தி × வேகம் × விட்டம் ÷ பாகியல் எண். தூணின் நீளத்தையும் கணக்கில் கொண்டால் நீளம் ÷ விட்டம் என்பது மூன்றாவது எண். நீண்ட தூணுக்கு விட்டம்² இருக்கும் இடத்தில் எதிர்முகப் பரப்பை, அதாவது விட்டம் × நீளத்தை, வைப்பதே வழக்கம். இப்படி எழுதிய முதல் எண்ணே இழுவைக் குணகம்; அதன் வரையறையில், வகுக்கும் பெருக்கத்தோடு ½ என்ற காரணியும் உண்டு. அட்டவணையிலிருந்து குணகத்தை எடுக்கும்போது அதை விட்டுவிட்டால் விடை இரு மடங்காகிவிடும்.

இந்தப் பகுப்பாய்வு உறவின் வடிவத்தை மட்டுமே தரும். குணகத்தின் மதிப்பு சோதனையிலிருந்துதான் வர வேண்டும்.

0.6 மீட்டர் விட்டமுள்ள தூண், 5 மீட்டர் மூழ்கிய நீளம், 1.5 மீட்டர்/வினாடி நீரோட்டம், கடல்நீர் (அடர்த்தி 1025 கிலோகிராம்/கனமீட்டர், இயக்கப் பாகுநிலை சுமார் 1.05 × 10⁻⁶ சதுர மீட்டர்/வினாடி) என்று வைத்துக்கொள்வோம். ரெனால்ட்ஸ் எண் சுமார் 8.6 லட்சம். ½ × 1025 × 1.5² × 0.6 × 5 = சுமார் 3460 நியூட்டன். இதைக் குணகத்தால் பெருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். வழவழப்பான உருளைக்கு ரெனால்ட்ஸ் எண் 10,000 முதல் சுமார் 2 லட்சம் வரை குணகம் ஏறத்தாழ 1.2. அதற்கு மேல் எல்லைப்படலம் (தூணின் பரப்பை ஒட்டியுள்ள மெல்லிய நீரடுக்கு) கொந்தளிப்பாக மாறி, ஓட்டம் தூணைவிட்டுப் பிரியும் இடம் பின்னோக்கி நகர்வதால் குணகம் 0.3 அளவுக்குச் சரிகிறது. நம் தூண் அந்தச் சரிவுப் பகுதியில் நிற்கிறது. 0.3 என்று வைத்து வடிவமைப்பது ஆபத்து: பாசியும் சிப்பியும் படிந்த சொரசொரப்பான பரப்பில் அந்தச் சரிவு முன்னதாகவும் குறைவாகவும் நிகழும், குணகம் 1-ஐ ஒட்டியே நிற்கும். ஆகவே 1.05 எடுங்கள். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் படிவு என்றால் விட்டம் 0.7 மீட்டர், விசை சுமார் 4240 நியூட்டன். 0.3-ஐ வைத்துக் கணக்கிட்டிருந்தால் 1040-தான் வந்திருக்கும்.

மாதிரி வைத்துச் சரிபார்க்க நினைத்தால், ரெனால்ட்ஸ் எண் மாறாமல் இருக்க 1/10 அளவு மாதிரிக்கு அதே நீரில் 15 மீட்டர்/வினாடி வேகம் வேண்டும். அந்த வேகத்தில் நீராவிக் குமிழ்கள் தோன்றக்கூடும். காற்றில் சோதித்தால் 200 மீட்டர்/வினாடிக்கு மேல் போக வேண்டும்; காற்று அமுங்கத் தொடங்கிவிடும். மாதிரியைப் பெரிதாக்குவதே நேர்வழி. முடியாவிட்டால் அதன் பரப்பில் மணல் ஒட்டிக் கொந்தளிப்பை முன்கூட்டியே தூண்டலாம். ஆனால் அப்படி அளந்ததைத் தோராயமாக மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டத்துக்குப் பதில் அலை முன்னும் பின்னும் அடித்தால் அலைக்காலமும் பட்டியலில் சேரும். அதனால் வரும் புதிய எண், கியூலிகன்–கார்பென்டர் எண்: வேகம் × அலைக்காலம் ÷ விட்டம். இது சிறியதாக இருந்தால் இழுவையைவிட நிலைமவிசையே (நீரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் வரும் விசை) மேலோங்கும். இழுவையை மட்டும் போட்டால் மதிப்பீடு மிகக் குறைந்துபோகும்.