திடீர் சிசு மரணம்: செவிலியர்களுக்கு வகுப்பு எடுப்பது எப்படி?

முதல் முறையாக இந்த வகுப்பை எடுக்கப் போகிறீர்கள் என்றால், ஸ்லைடு தயாரிக்கும் முன் கைக்குழந்தை அளவில் ஒரு பொம்மை வாங்குங்கள். கூடவே பாய், மெத்தை, போர்வை, கடுகுத் தலையணை. 15, 20 பேர் போதும். அதற்கு மேல் போனால் பொம்மை எல்லோர் கைக்கும் வராது.

1. தொடக்கம். குழந்தையைப் பறிகொடுத்தவர் அந்த அறையிலேயே இருக்கலாம். யாரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், காரணம் சொல்ல வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

2. பொம்மையைத் தூங்க வைக்கச் சொல்லுங்கள். பலர் ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள், தலையணையும் வைப்பார்கள். இரண்டும் தவறு, தலையணை இல்லாமல் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் திடீர் மரண ஆபத்தைக் குறைக்கும். ஆனாலும் உடனே திருத்தாதீர்கள். ஏன் என்று மட்டும் கேளுங்கள். "மல்லாக்கப் போட்டா புரை ஏறிடுமே" என்ற பதில் வரும். இந்தப் பயத்தைத் தீர்க்காமல் நகர்ந்தால், தலையாட்டிவிட்டு வார்டில் பழையபடியே செய்வார்கள். அந்த வார்டில் பார்த்ததைத்தான் தாய் வீட்டிலும் செய்வாள்.

பலகையில் இரண்டு குழாய்கள் வரையுங்கள். குழந்தை மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கிய பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் போட்டால் இது தலைகீழாகிவிடும். இதற்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

3. பழைய கதையைச் சொல்லுங்கள். மேலை நாடுகளில் மருத்துவர்களே குப்புறப் போடச் சொன்ன காலம் உண்டு. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்ற பிரசாரம் தொடங்கியது. அப்புறம் இரண்டு நாடுகளிலும் இந்த மரணங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. மருத்துவர்களே மாறியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், அனுபவம் மிக்க அக்காக்களும் கூச்சமில்லாமல் மாறுவார்கள்.

4. விளக்கம் சுருக்கமாக. ஒரு வயதுக்குள், பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு எல்லாம் பார்த்த பிறகும் காரணம் தெரியாத மரணம் இது. 2 முதல் 4 மாதத்தில்தான் அதிகம். அமுங்காத சமமான படுக்கை, தாய் இருக்கும் அறையிலேயே தனி விரிப்பு, தாய்ப்பால், பீடி சிகரெட் புகை இல்லாத வீடு ஆகியவை ஆபத்தைக் குறைக்கும், முழுதாக நீக்காது. ஒற்றை அறை வீட்டுக்காரரிடம் கட்டில் வாங்கச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கப் பழக்குங்கள்.

5. துக்க வீட்டுப் பேச்சை நடித்துப் பாருங்கள். ஒருவர் தாய், ஒருவர் செவிலியர். எனக்கு இந்தப் பகுதிதான் மிக முக்கியம். "குப்புறவா போட்டிருந்தீங்க?" என்று பேச்சைத் தொடங்கினால் அந்தத் தாய் ஆயுளுக்கும் அதைச் சுமப்பாள். "இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்பதும் கூடாது. குழந்தையின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லியே பேசட்டும். தாய் அழுதால் செவிலியர் பக்கத்தில் சும்மா உட்காரட்டும். படுக்கை பற்றிய விசாரணை தேவைதான், அது பிறகு, மென்மையாக.

6. ஒரு மாதம் கழித்து வார்டுக்குப் போங்கள். சொல்லாமல் போங்கள். எத்தனை குழந்தைகள் மல்லாந்து தூங்குகின்றன, எத்தனை தலைகளுக்கடியில் தலையணை இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்பை அந்தக் குறிப்பிலிருந்து தொடங்கலாம்.